கழிப்பறை வாசலில் ஒரு மாத்திரை டப்பா

வீட்டை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்காத டாக்டரை நான் பார்த்ததில்லை. காய்ச்சல் என்று போனாலும் அதைத்தான் கேட்பார்கள், காலில் ஆணி குத்திச் சீழ் வைத்துப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். என்னமோ அதற்குப் பதில் சொன்னால்தான் சீழ் வடியும் என்பதுபோல. நான் ஏன் வந்தேன் என்பதை அவர்களிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. ராயப்பன்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு வீடு இருந்தது. அதில் என்னால் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் முடித்த மறுவருஷம் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தேன். உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அங்கே ஏற்கெனவே நாலு பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் என் வயதுதான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் யாராவது வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள், கிழவிகள் என்றால் கோயில் வாசலில் சோறு போடுவார்கள். எங்கள் வயதுக்காரிகளைக் கண்டால் மட்டும் ஊருக்கே ஒரு கோபம் வந்துவிடும். கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்பார்கள். கை கால் நன்றாக இருந்ததால்தான் நாங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். விடியும் முன்பே மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வந்து நிற்கும். ஜீப் கிடைக்காத நாளில் பூ கட்டுவோம். திராட்சை சீசனில் கம்பம் பக்கம் போய்ப் பழம் வெட்டி அட்டைப் பெட்டியில் அடுக்குவோம். இரவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூடிய கடைகளின் ஷட்டர் ஓரம் ஐந்து பேரும் ஒட்டிப் படுப்போம். நடுவில் படுப்பவளுக்குக் குளிராது என்பதால் தினம் ஒருத்தி நடுவில்.

நோயைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், அது எங்களைத் தேடி எங்கிருந்தும் வரவேண்டியதில்லை, கூடவே இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையை இரவில் பூட்டிவிடுவார்கள். ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர். நாங்கள் என்ன செய்வது? பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம், விடியும்வரை அடக்குவோம். அதனால் ஐந்து பேருக்கும் மாற்றி மாற்றி நீர்க்கடுப்பு. ஒருமுறை தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிறையத் தண்ணீர் குடிம்மா என்றார் டாக்டர். குடித்தால் ராத்திரி எங்கே போவது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்ட அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள், கழுவுவதும் அவளே. வாய் திறந்தால் வசவுதான். ஆனால் காலையில் பூட்டைத் திறந்ததும் கூட்டம் சேரும் முன்பு எங்கள் ஐந்து பேரையும் உள்ளே விட்டு, குளிக்கவும் துணி அலசவும் விட்டுவிடுவாள். "வெரசா முடிங்கடி, ஒங்க அப்பன் வீட்டுக் கெணறா இது" என்று வெளியிலிருந்து கத்திக்கொண்டே இருப்பாள். அவளுக்கு நாங்கள் என்றால் உயிர் என்றெல்லாம் எழுதினால் அவளே வந்து என்னை விளக்குமாற்றால் அடிப்பாள்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யார் கைக்கு எது வந்தாலும் ஐந்து பங்கு. பரோட்டா என்றாலும், தோட்டத்தில் கொடுத்த பழைய ஸ்வெட்டர் என்றாலும் பங்குதான். ஸ்வெட்டரை எப்படிப் பங்கு போடுவது என்று கேட்காதீர்கள், போட்டோம், ஆளுக்கு ஒரு நாள். தனியாகத் தின்கிறவள் தனியாகப் படுத்துக்கொள்ளட்டும் என்பது முடிவு. பஸ் ஸ்டாண்டில் தனியாகப் படுப்பது என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

ஐந்து பேரில் ஒருத்தி தேவாரத்துக்காரி. எனக்கு மிகவும் நெருக்கமானவள் அவள்தான். மெலிந்த உடம்பு, எடக்குப் பேச்சு. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் இருமல் இருந்தது, அவளுக்கு மட்டும் நிற்கவே இல்லை. செடிக்கு அடிக்கிற மருந்து நெஞ்சில் இறங்கியிருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒருநாள் நாங்கள் மலைக்குப் போனபோது அவள் போகாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். கையில் மாத்திரை அட்டைகள். என்னடி என்று கேட்டதற்கு, "இருமலுக்குக் குடுத்தாக" என்றாள்.

இருமல் மாத்திரையா? இருமல்தான் எல்லோருக்கும் இருக்கிறதே. நாலு கைகள் நீண்டன. அவள் ஒரு நொடி அட்டையை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். பிறகு கிழித்துக் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள், அதற்கு மறுநாளும். எங்கள் இருமல் குறைந்ததுபோலக்கூட இருந்தது. நல்ல மாத்திரைடி என்று அவளைப் பாராட்டவும் செய்தோம்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நாங்கள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"ஏண்டி, எல்லாரும் நேத்து கலர் குடிச்சீகளா? உள்ள பூரா செவப்பா கெடக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சில நாட்களாகவே எனக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம், பயம், இரண்டும்தான். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். எல்லோருக்கும் அதே கதை. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று மூடி வைத்திருந்திருக்கிறாள்.

"அப்ப மஞ்சக்காமாலைதான். ஆத்தாடி, அஞ்சு பேருக்குமா? ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. இங்கன வச்சு செத்துத் தொலஞ்சீகன்னா என்னயத்தான் வந்து கேப்பாக."

அன்று ஜீப்புக்குப் போகவில்லை. ஐந்து பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேவாரத்துக்காரி வரமாட்டேன் என்று கடைசிவரை முரண்டு பிடித்தாள். இழுத்துக்கொண்டுதான் போனோம்.

டாக்டர் பெண்மணி. கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுக் காமாலை இல்லை என்றார். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இது டி.பி. மாத்திரை. யாருக்கு டி.பி.?"

அவள்தான் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல.

அப்புறம் கிடைத்த திட்டு சாமானியமானதல்ல. நான் குறை சொல்லவில்லை, அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. அவள் உடம்பில் இருக்கிற கிருமிக்கு அந்த மருந்து முழு அளவில் போகவேண்டும். அரைகுறையாகப் போனால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், பிறகு எதற்கும் அடங்காது. ஒருத்தியைக் காப்பாற்றக் கொடுத்ததை ஐந்து பேருமாகச் சேர்ந்து வீணாக்கியிருக்கிறோம். நோய் இல்லாமலே நாங்கள் நாலு பேர் விழுங்கியிருக்கிறோம், அதுவும் கெடுதல். "படிச்சவங்கதான நீங்க? மாத்திரைய யாராவது பங்கு போட்டுச் சாப்பிடுவாங்களா?" என்று அவர் கேட்டார். நாங்கள் சாப்பிடுவோம் மேடம். எங்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியும்.

எல்லோருக்கும் சளி எடுக்கச் சொன்னார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். வராண்டாவில் ஆளுக்கு ஒரு டப்பியை வைத்துக்கொண்டு காறிக்கொண்டிருந்தபோது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா பக்கத்துல படுக்க விட்டிருப்பீகளா?"

விட்டிருப்பேன் என்று பட்டென்று சொல்லியிருக்கவேண்டும், சொல்ல வரவில்லை. எங்களில் ஒருத்திதான் டப்பியைக் கீழே வைத்துவிட்டு, "போடி கிறுக்கி" என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று இரவு அவளைத்தான் நடுவில் போட்டுப் படுத்தோம்.

எங்கள் நாலு பேருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. அவளுக்கு மறுபடி சோதித்ததில், நல்லவேளை, அதே மருந்துக்கே இன்னும் கேட்கும் என்றார்கள். ஆனால் இனி ஆறு மாதம் ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டால் அடுத்து உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டர் அவள் முகத்துக்கு நேரே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

மாத்திரைப் பிரிவில் இருந்த அலுவலர் சின்ன வயசுக்காரர். மோசமானவர் என்று சொல்லமாட்டேன். விலாசம் கேட்டார். முதல் தடவை அவள் ஏதோ பொய் விலாசம் கொடுத்திருக்கிறாள், தேடிப் போனவர்கள் அலைந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இந்த முறை உண்மையைச் சொல்லு என்றார்.

"பஸ் ஸ்டாண்டு" என்றேன் நான்.

"அது விலாசம் இல்லம்மா. ஒரு நாள் வரலைன்னா நான் எங்கன போய்த் தேடுறது? சொந்த ஊரு எது? அங்க அப்பா அம்மா இருக்காகல்ல? சொல்லிவிட்டா வந்து கூட்டிட்டுப் போவாக. வீட்ல இருந்து சாப்பிட்டாத்தான் சரியாகும்."

அவள் எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுக்குச் சொன்னீகன்னா நான் ஒரு மாத்திரையும் போடமாட்டேன். செத்தாலும் சரி."

அவள் சும்மா மிரட்டவில்லை. அவளுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் வீட்டில் எல்லாம். இவளுடைய அக்காவைக் கட்டி, அந்த அக்கா இறந்தபிறகு இவளைக் கட்டிக்கொள்ள நாள் குறித்துவிட்டான். மாமன் வீட்டு உரிமையாம். மறுத்ததற்கு அறையில் போட்டுப் பூட்டினான். அதிலிருந்து தப்பித்துத்தான் அவள் தேனிக்கு வந்தாள். இதை அந்த அலுவலரிடம் எதற்கு விளக்கவேண்டும்? நோய்க்கு மருந்து கேட்டு வந்தவளிடம் கல்யாணக் கதையைக் கேட்கிறீர்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஒரு காப்பகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். இருமல்காரியைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அங்கிருந்து பதில் வந்தது. வீடு இருந்தால்தான் மருந்து, நோய் இருந்தால் வீடு கிடையாது. இப்படி யோசித்து வைத்தவனுக்கு ஒரு மாலைதான் போடவேண்டும்.

"தெனமும் கண்ணு முன்னால முழுங்க வைக்கிற ஒரு ஆளு வேணும். கடக்காரராகூட இருக்கலாம். எடம் மட்டும் மாறக்கூடாது" என்றார் அவர், கொஞ்சம் இறங்கி வந்து.

நான் யோசிக்கவே இல்லை. "பஸ் ஸ்டாண்டு கக்கூஸு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "கக்கூஸ்ல போயா மாத்திரைய வைக்கிறது?"

"சார், இந்த ஊர்ல தெனமும் எங்களுக்குக் கதவு தெறக்குற எடம் அது ஒண்ணுதான். எங்க இருந்தாலும் காலையில அங்கன வந்துதான் ஆகணும். ஒங்க ஆஸ்பத்திரிக்கு வராம இருப்பா, அங்க வராம இருக்க முடியுமா?"

அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து இடத்தைப் பார்த்தார். அக்கா அவரிடமும் காசு கேட்டாள், உள்ளே போகவில்லை என்றதும் விட்டாள். விஷயத்தைச் சொன்னபோது அவள் எகிறினாள். "நான் என்ன நர்ஸா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஏ, போங்கடி அங்கிட்டு." தேவாரத்துக்காரி வாசல்படியில் உட்கார்ந்து இருமினாள். நடிப்பில்லை, இருமல் தானாக வந்தது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் துடைத்து, "குடுங்க. ஈரம் படக்கூடாதா?" என்றாள். யாரிடமும் நோயைச் சொல்லக்கூடாது என்று அலுவலர் சொன்னதற்கு, "இங்கன வர்றவுக கதையெல்லாம் நான் வெளிய சொன்னா ஊரு நாறிரும்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் காலைப்பொழுது மாறியது. பூட்டைத் திறந்ததும் முதலில் மாத்திரை. "வாயத் தொற. நாக்கத் தூக்கு. கன்னத்துல அடக்கி வச்சிருக்கியா?" என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். எங்கள் கை நீண்டுவிடக்கூடாது என்று டப்பாமேல் முழங்கையை ஊன்றிக்கொள்வாள். எங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் மாதம் பெரும்பாடு. மாத்திரை போட்டால் அவளுக்குக் குமட்டும், மலை வளைவில் ஜீப் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். ஜீப்பை விட்டுவிட்டுக் கீழேயே பூ கட்டினாள். அவளுக்கு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்தில் ஒரு பங்கு முட்டையால் என்ன ஆகும்? சட்டத்தைத் திருத்தினோம். மாத்திரைக்குப் பங்கு கிடையாது, முட்டைக்கும் கிடையாது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி அந்த முட்டையைத் தின்பாள். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் சதை வைத்தது. இருமல் நின்றது. எடக்குப் பேச்சும் திரும்பி வந்தது, அதுதான் எங்களுக்குப் பெரிய தெம்பு. ஆறு மாதத்தில் பாதி தாண்டியிருந்தது.

அப்போதுதான் அவன் வந்தான். பூ கட்டிக்கொண்டிருந்தவளை ஊர்க்காரர் யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். கூட்டமான மதியம். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். பூக்கூடை கவிழ்ந்தது.

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன், மற்றவர்களும் ஓடி வந்தார்கள். கூட்டம் கூடியது. "நான் இவளுக்கு மாமன். எங்க வீட்டுப் புள்ளயக் கூட்டிட்டுப் போறேன். ஒங்களுக்கு என்ன?" என்றான் கூட்டத்தைப் பார்த்து. உடனே கூட்டத்துக்கு நியாயம் விளங்கிவிட்டது. சொந்த மாமன்தானே, போம்மா என்றார் ஒரு பெரியவர். போலீஸ்காரர் ஒருவர், குடும்ப விஷயம் என்று என்னைத்தான் விலகச் சொன்னார். அவள் திமிறினாள், தேவாரம் பஸ் இருந்த பக்கம் அவளை இழுத்துக்கொண்டே போனான். பஸ்ஸில் ஏற்றிவிட்டால் முடிந்தது. பூட்டிய அறைக்கு யார் போய் மாத்திரை கொடுப்பார்கள்?

கழிப்பறை அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். டப்பா கையில் இருந்தது. "எங்கன இழுத்துட்டுப் போறீக? இவ மாத்திர இங்க இருக்கு. ஒரு நாளு விட்டாலும் ஆகாது."

அவன் நின்றான். "என்ன மாத்திர?"

அக்கா வாயை மூடிக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள். என்னைப் பார்த்தாள். நானும் பேசவில்லை. அது எங்கள் யாருக்கும் சொல்ல உரிமை இல்லாத விஷயம்.

அவளே சொன்னாள். திமிறுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து நின்று, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"டி.பி. மாமா. ரத்தம் ரத்தமாத் துப்புனேன். கூட்டிட்டுப் போங்க. ஒரே தட்டுல சாப்பிடுவோம், ஒரே பாயில படுப்போம்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து இருமினாள். எப்போதோ நின்றுபோயிருந்த இருமல், நெஞ்சிலிருந்து இழுத்து வரவழைத்த இருமல்.

அவன் கை தானாக விட்டது. இரண்டு அடி பின்னால் போனான். உள்ளங்கையை அந்த வெள்ளை வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தான். கூட்டமும் விலகியது, போம்மா என்ற பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "சனியன், இங்கனயே கெடந்து சாவு" என்று சொல்லிவிட்டு அவன் தேவாரம் பஸ்ஸில் ஏறினான். அவள் நின்ற பக்கத்து ஜன்னல் ஓரம்கூட உட்காரவில்லை. உரிமைக்காரன் என்று இழுக்க வந்தவன் ஒரு சொல்லுக்குத் தாங்கவில்லை. சந்தோஷப்படுவதா காறித் துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிதறிய பூவைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவருவதால் அவளிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் எங்களிடம் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பஸ் கிளம்பும்வரை அதை நாங்கள் யாரும் அவனிடம் சொல்லவில்லை.